ஏழு ஃபேனும் ஒரு பைஜாமா எலாஸ்டிக்கும்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளை ‘ஹோல்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வங்கிக்கு போன் போட்டால், “தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்” என்று ஒரு குரல் தேனாய்க் குழையுமே, அது அவளுடையது. படுக்கையறை மூலையில் ஒரு மைக், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். பத்து வருடமாக இதுதான் பிழைப்பு.

அவள் கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. வாசலில் செருப்பைக் கழற்றியதும் விஞ்ஞானி. பழைய கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது அவருக்குப் பொறுக்கவில்லை. அதைப் பிரித்து, பாதியைப் புதிய பெட்டிக்குள் போட்டு, ஏழு ஃபேன் மாட்டினார். ஏழும் ஏழு நிறத்தில் மின்னின. சுவிட்சைப் போட்டால் விமானம் கிளம்புகிற சத்தம். எங்கேயும் போகாது என்பதுதான் ஒரே குறை.

மூன்றாம் நாள் ஒலிப்பதிவு நிறுவனத்திலிருந்து போன் வந்தது.

“மேடம், வாய்ஸ் பிரமாதம். ஆனா பின்னாடி மாவு மில் ஓடுதே? வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா அனுப்புங்க. இல்லன்னா வேற ஆளைப் பாக்கணும்.”

கணவரிடம் சொன்னாள்.

“அது சத்தமில்லம்மா, பவர்!”

“அந்தப் பவரைக் கொஞ்சம் வாயை மூடிக்கச் சொல்லுங்க.”

விஞ்ஞானி களத்தில் இறங்கினார். காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவதுபோல் பெட்டிக்குக் கம்பளி போர்த்தினார். நிஜமாகவே காய்ச்சல் வந்தது. இருபதாவது நிமிடத்தில், அவள் “காத்திரு...” என்று சொல்லும்போதே கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்தியது. அடுத்து அதைத் துணி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். சத்தம் குறையவில்லை, சட்டைகள் மட்டும் சுடச்சுட வெளியே வந்தன. கடைசியில் தீர்ப்பு சொன்னார்: “சூடாகுதுல்ல? இன்னும் ரெண்டு ஃபேன் போட்டாச் சரியாயிடும்.”

வியாழக்கிழமை அவர் அலுவலகம் போனதும், அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். உதடு ஒட்டிப் பிரிகிற சத்தத்தைக்கூடப் பதிவில் தேடிப் பிடித்து வெட்டுகிற காது அவளுடையது. ஒவ்வொரு ஃபேனாக ஒயரைக் கழற்றி, மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். நான்கு ஃபேன்களைக் கழற்றியும் சூடு ஏறவில்லை. அவை வெறும் அலங்காரம். மீதியில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து வந்த ஒன்றில் பஞ்சுபோல் தூசி அப்பியிருந்தது, பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். அந்த மூன்றின் வேகத்தையும் செட்டிங்கில் குறைத்தாள்.

இரைச்சல் போயிற்று. ஆனாலும் அடித்தொண்டையில் முனகுகிறமாதிரி ஒரு ‘ம்ம்ம்’ பாக்கி இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பெட்டியே நடுங்கியது. ஹார்ட் டிஸ்க்கைத் தகரத்தோடு தகரமாக முறுக்கி வைத்திருந்தார் மகானுபாவர். அது சுழலச் சுழலப் பெட்டி முழுக்க அதிர்ந்தது. தகரத்தில் படாமல் மெத்தென்று தாங்க ஏதாவது வேண்டும். கொடியில் அவருடைய புதுப் பைஜாமா தொங்கியது. எலாஸ்டிக்கை உருவினாள். கம்ப்யூட்டரை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அந்த எலாஸ்டிக்கில் தூளி கட்டி அதே இடத்தில் தொங்கவிட்டாள்.

சுவிட்சைப் போட்டாள். திரை வெளிச்சம் வந்திராவிட்டால் அது ஓடுகிறதென்றே நம்பியிருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்படியொரு சுகம். பிறகு பதிவு செய்து அனுப்பினாள். மறுநாளே அடுத்த வேலையும் வந்துவிட்டது.

பதிவை அனுப்பிய அன்று மாலை, பைஜாமாவை இடுப்பில் ஒரு கையால் பிடித்தபடி கணவர் அறைக்குள் வந்தார்.

“என்னம்மா, செத்துடுச்சா?”

“உயிரோடதான் இருக்கு. கத்தலை, அவ்வளவுதான்.”

அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், திறந்து எலாஸ்டிக் தூளியைப் பார்த்தார். “நான் டிசைன் பண்ணும்போதே இதையெல்லாம் யோசிச்சுத்தான் வச்சேன்” என்றார்.

அடுத்த வாரம் அலுவலகத்திலும் அதையே அளந்திருக்கிறார். மேனேஜர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் இரைச்சலையும் அடக்கித் தரச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை விஞ்ஞானி மெல்ல அவள் பக்கம் நகர்ந்தார்.

“ஏம்மா... அந்த எலாஸ்டிக்கை எந்தப் பக்கம் முதல்ல கட்டணும்?”

“நடங்க, நானும் வர்றேன். டூல்ஸ் பையை நீங்க தூக்குங்க.”

மேனேஜர் வீட்டில் அவள் பெட்டியைத் திறந்து தரையில் உட்கார்ந்தாள். மேனேஜர் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

“அட, அசிஸ்டென்டோட வந்திருக்கீங்களா சார்?”

“ஆமா சார்,” என்றாள் அவள், தலை நிமிராமல். “டார்ச் பிடிக்க ஆள் வேணும்ல?”

டார்ச்சைக் கணவர் நேராகத்தான் பிடித்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.