சுட்ட கோழிக்கு உப்பு

எண்பதுகளின் தொடக்கம். எறையூரில் கரும்பு வெட்டும்போது என் கணவரைப் பாம்பு கடித்துவிட்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்காமல் கிடந்தார். நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சுட்ட கோழி வேண்டுமென்று ஆசையாகக் கேட்டார். அவர் மனைவி வெளியே புளியமரத்தடியில் கல் கூட்டி, மிளகாய் தடவி, நெருப்பில் வாட்டி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் கேட்டவரின் உயிர் போய்விட்டது.

அழுது ஓய்ந்த பிறகு, அந்த அக்கா தூக்குவாளியை என் மடியில் வைத்தார்.

"எழவு வூட்டுக்காரி நான், இனிமே கறி தொடக் கூடாது. நீ தின்னு. நீயும் விழுந்துட்டா உம் புருஷன யாரு பாக்குறது?"

செத்தவருக்குச் சுட்டது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அழுதுகொண்டே எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சினேன். பாழும் வாய்க்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

உடலை வண்டியில் ஏற்றியதும் அந்த அக்கா என்னிடம் திரும்பி வந்தார்.

"உப்பு சரியா இருந்துச்சா? அவரு எப்பவும் ஏதாச்சும் சொல்லுவாரு."

"சரியா இருந்துச்சுக்கா" என்றேன்.

என் கணவர் பிழைத்துக்கொண்டார். இன்றும் யார் சமைத்துப் போட்டாலும், உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் கை கழுவுவதில்லை.