முந்நூறு ஓம் ஹெட்போனுக்கு ஆம்ப் தேடியது

காயில் போச்சு என்றேன்

உத்திரமேரூரில் மைக் செட் கட்டிப் பிழைப்பவன் நான். கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்த்தல், கட்சிக் கூட்டம், சாவு வீடு என்று எல்லாவற்றுக்கும் ஹாரன் கட்டியிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டிக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். குறைக்கச் சொல்லி வந்தவர்கள் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் மட்டும்தான். அதனால் ஒரு ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு கஸ்தூரி என் கடைக்கு வந்தபோது, டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். என் தொழிலில் எனக்குத் தெரியாதது எவ்வளவு இருக்கிறது என்று காட்டிக் கொடுத்த வேலை அது.

கஸ்தூரிக்கு ஊர் பெருநகர். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தவள். விடியலில் கம்பெனி பஸ், எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, மறுபடி பஸ் என்று ஓடியதில் இடுப்பு பிடித்துக்கொண்டு வேலையை விட்டாள். பிறகு எங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டாள். அந்தப் பழக்கத்தில் சென்னையில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஒரு கம்பெனி அவளுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை கொடுத்தது. யாரோ புத்தகத்தை வாசித்து அனுப்புவார்கள். மூச்சுச் சத்தம், உதடு ஒட்டிப் பிரியும் சத்தம், பின்னால் ஓடும் ஃபேன் சத்தம் எல்லாவற்றையும் இவள் துடைத்தெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அனுப்பிய முதல் இரண்டு அத்தியாயங்களும் திரும்பி வந்துவிட்டன. இன்னும் இரைச்சல் இருக்கிறது என்று குறிப்பு. அவளுடைய போன் இயர்போனில் அந்த இரைச்சல் கேட்கவே இல்லை. மூன்றாவது அத்தியாயம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். அதுவும் திரும்பி வந்தால் வேலை இல்லை, மறுபடி கம்பெனி பஸ்தான். இதைக் கேள்விப்பட்ட ஸ்டூடியோக்காரர், சென்னையில் மூடிவிட்ட ஒரு டப்பிங் தியேட்டரிலிருந்து தான் வாங்கி வைத்திருந்த பெரிய ஹெட்போனை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷர். ஆனால் லேப்டாப்பில் சொருகினால், பக்கத்து வீட்டு டிவி மாதிரி எங்கோ தூரத்தில் கேட்கிறது.

நான் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். மின்தடை முந்நூறு ஓம் காட்டியது. மைக் செட்காரனுக்குத் தெரிந்த ஸ்பீக்கர் எல்லாம் நாலு, எட்டு, மிஞ்சினால் ஹாரன் யூனிட் பதினாறு. முந்நூறு காட்டினால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, அதாவது காயில், கருகிவிட்டது என்று அர்த்தம். நானும் கொஞ்சமும் யோசிக்காமல் தீர்ப்புச் சொன்னேன். காயில் போய்விட்டது, இதை வைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதே, வேறு வாங்கிக்கொள் என்றேன்.

அவள் எழுந்து போகவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாரி கெட்டுப் போவுமா அண்ணா? ரெண்டுலயும் ஒரே நம்பர்தானே காட்டுது?"

எனக்குச் சுருக்கென்றது. ஹெட்போனைத் திருப்பிப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த காதுக் கிண்ணத்தின் ஓரத்திலேயே முந்நூறு ஓம் என்று அச்சடித்திருந்தது. அதைப் படிக்காமல் நான் சாவு மேளம் அடித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்த மரியாதைக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மிக்சரில் கேட்டது

ஹெட்போன் நல்லாயிருக்கிறது, லேப்டாப்புக்குத்தான் அதைத் தள்ளத் தெம்பில்லை என்பது விளங்கிவிட்டது. உடனே கடையிலிருந்த மிக்சரை இழுத்துப் போட்டேன். பல மைக்குகளின் சத்தத்தைக் கலந்து விட, கச்சேரிக்குக் கொண்டுபோகும் மிக்சர். அதில் ஹெட்போனுக்கென்றே ஒரு சாக்கெட் உண்டு. சொருகினேன். சத்தம் கணீரென்று வந்தது. இந்த மிக்சரையே எடுத்துக்கொண்டு போ, முகூர்த்த நாள் வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மறுநாள் காலையிலேயே மிக்சரோடு திரும்பி வந்தாள். பாட்டை நிறுத்தினால்கூட உள்ளே ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். ரெக்கார்டிங்கில் இருக்கும் இரைச்சல் எது, மிக்சர் போடும் இரைச்சல் எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. நான் மாட்டிக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "உன் காதுல ஏதோ குக்கர் ஓடிக்கினு கீதும்மா" என்று கிண்டல் செய்தேன்.

ஆனாலும் அவள் முகம் வாடியிருந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஹாரன் யூனிட்டுக்குள் அதிரும் டயாஃப்ரம் தகடு வாங்க அன்றைக்கு எப்படியும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டியிருந்தது. போனேன்.

பாய் சொன்ன கணக்கு

அங்கே எனக்குப் பழக்கமான ஒரு பாய் கடை உண்டு. எங்கள் தொழிலில் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், வாங்கும் முறை ஒன்றே ஒன்றுதான். எத்தனை வாட் என்று கேட்போம், பெரிய வாட்டைத் தூக்குவோம், தூக்கும்போது கனமாக இருந்தால் திருப்திப்படுவோம். பாயிடமும் அப்படியே கேட்டேன். முந்நூறு ஓம் ஹெட்போன், எத்தனை வாட் வேண்டும்?

பாய் சிரித்துவிட்டு, உங்க ஊர்ல சொட்டுநீர் போட்டுக்கீறாங்களா என்று கேட்டார். கத்தரித் தோட்டத்தில் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"அவ்ளோதான். உன் ஹாரன் வாய்க்கா மாதிரி, தண்ணி நெறைய கேக்கும். இந்த ஹெட்போன் சொட்டுநீர் கொயாய். தண்ணி கொஞ்சம் போதும், பிரஷர் வேணும். வாட்ட வுடு, வோல்டேஜ பாரு."

இத்தனை வருஷம் ஆம்ப் தூக்கியவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. அவர் இரண்டு பொருளை எடுத்து வைத்தார். ஒன்று மேஜையில் வைக்கும் ஆம்ப். பளபளவென்று இரும்புப் பெட்டி, பெரிய வால்யூம் குமிழ், தனி அடாப்டர். விலை கஸ்தூரியின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்தது. இன்னொன்று கட்டைவிரல் அளவு, ஒரு சாண் வயர். லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் சொருகினால் போதும், கரண்டும் பாட்டும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். விலை ஒரு நல்ல பிரஷர் குக்கர் அளவுதான். இதெல்லாம் ஆம்ப்பா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஆம்ப் என்றால் இரண்டு ஆள் பிடிக்க வேண்டும்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு போ, எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள், மற்றதை அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து கொடு என்றார் பாய். முன்பணம்கூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் அந்தப் பையை மடியை விட்டு இறக்காமல் வந்தேன்.

பெருநகரில் வைத்த பரீட்சை

கடையில் போட்டுப் பார்த்தபோது பெரிய பெட்டிதான் ஜெயித்தது. சத்தம் உருண்டு திரண்டு வந்தது. கட்டைவிரல் ஆம்ப்பும் மோசமில்லை, ஆனால் எனக்குப் பெட்டிமேல் ஆசை. கஸ்தூரி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். வேலை செய்யப்போவது கடையில் இல்லை, வீட்டில்தான், அங்கே வைத்துப் பார்த்துவிடலாம் என்றாள். நியாயம்தானே. டிவிஎஸ்ஸில் பின்னால் பையைக் கட்டிக்கொண்டு போனேன்.

அவள் வீடு வயலை ஒட்டியது. பெரிய பெட்டியை மாட்டியதும் ம்ம்ம் என்று ஹம்மிங். அது எனக்கே கேட்டது. பக்கத்து வயலில் பம்ப்செட் ஓடத் தொடங்கியதும் அது இன்னும் கனத்தது. ப்ளக் பாயின்ட்டைக் கழற்றினேன். மூன்று துளை இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை. கடையில் எர்த் ஒழுங்காக இருந்ததால்தான் அங்கே அந்தப் பெட்டி ஜெயித்திருக்கிறது.

கஸ்தூரி லேப்டாப் சார்ஜரை உருவினாள். ஹம்மிங் நின்றுவிட்டது. பாருங்கள், பெட்டி நல்ல பெட்டிதான் என்றேன். அவள் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தலையை ஆட்டினாள். பெட்டியிலும் மெல்லிசாக ஸ்ஸ்ஸ் இருக்கிறது என்றாள். பிறகு கட்டைவிரல் ஆம்ப்பில் மாட்டினாள். மறுபடி கண்ணை மூடினாள். இதில் இல்லை என்றாள்.

எனக்கு இரண்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் பாஸ்கர் சாப்பிட வந்திருந்தார். தீர்ப்புச் சொல்ல ஆள் கிடைத்தது என்று அவர் காதில் மாட்டினேன். பெட்டியில் கேட்டார்.

"ஸ்ஸுன்னு கீதே அண்ணா. உங்களுக்குக் கேக்கலயா?"

கட்டைவிரலில் மாட்டினார். ஒன்றுமில்லை என்றார்.

நான் ஹெட்போனை வாங்கி மறுபடி பெட்டியில் மாட்டினேன். பாட்டு இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நிசப்தம். மிக்சரில் கேட்ட அதே நிசப்தம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிசப்தம் ஹெட்போனில் இல்லை, என் காதில்தான் இருக்கிறது. ஹாரனுக்குக் கீழேயே நின்று பிழைத்தவன் காது, ஸ்ஸ்ஸ் மாதிரி மேல் ஸ்தாயிச் சத்தங்களை எப்போதோ விட்டுவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. ஹெட்போனைக் கழற்றிக் கஸ்தூரியிடம் நீட்டினேன்.

கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என் காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் தேவையை மட்டும் சொன்னாள்.

"எனக்குச் சத்தம் வேணாம் அண்ணா. ஒண்ணுமே இல்லாத எடம் ஒண்ணு வேணும். அப்பதான் அவங்க ரெக்கார்டிங்ல இன்னா அயுக்கு கீதுன்னு தெரியும்."

கட்டைவிரல் ஆம்ப்பே முடிவானது. சார்ஜர் வழியாக ஹம்மிங் வராமலிருக்க, லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது வேலை செய்வது, அவள் சமைக்கும் நேரத்தில் சார்ஜ் போடுவது என்று பேசிக்கொண்டோம். ஆனாலும் வீட்டில் எர்த் இல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஹெட்போனுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகவாவது வேண்டும். பாஸ்கர் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார். நான் எர்த் பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, வயரை இழுத்துவந்து அந்த மூன்றாவது துளையில் கட்டினேன். வெயில் காலத்தில் குழியில் தண்ணீர் ஊற்ற மறக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அத்தியாயம் போனது. அடுத்த வாரம் கஸ்தூரி போன் செய்தாள். குரலிலேயே தெரிந்தது. திருத்தக் குறிப்பு எதுவும் வரவில்லையாம், நான்காவது அத்தியாயம் வந்திருக்கிறதாம். கம்பெனி பஸ் பயம் போயே போய்விட்டது. நான் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நான் கற்றுக்கொண்டது

அந்த வாரமே காஞ்சிபுரம் போய் காது டாக்டரைப் பார்த்தேன். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இப்போது ஹாரன் கட்டுகிற இடத்தில் காதில் அடைப்பான் இல்லாமல் நிற்பதில்லை. கஸ்தூரி அந்த மிக்சரைத் திருப்பிக் கொண்டுவராமல் இருந்திருந்தால், மிச்சத்தையும் இழந்தபிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும். பாய்க்கு நன்றி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது முகம் சுளிக்காததற்கு. பாஸ்கருக்கு நன்றி, உள்ளதைச் சொன்னதற்கு. கஸ்தூரிக்குச் சொல்ல வேண்டிய நன்றியை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓம் அதிகமுள்ள ஹெட்போனோடு யாராவது வந்தால் வாட்டைச் சொல்லி விலையுயர்ந்த பெட்டியைத் தலையில் கட்டாதீர்கள். வோல்டேஜ் போதுமா என்று பாருங்கள், சின்னதே போதும் என்றால் சின்னதையே கொடுங்கள். எங்கே வைத்துக் கேட்கப்போகிறார்களோ அங்கே வைத்துப் பாருங்கள், எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டைப் போட்டுப் பார்ப்பதைவிடப் பாட்டை நிறுத்திப் பாருங்கள். அதையும் உங்கள் காதால் கேட்காதீர்கள், மாட்டிக்கொள்ளப் போகிறவர் காதால் கேளுங்கள்.

போன ஆடியில் பெருநகர் மாரியம்மன் கோயில் கூழ் வார்த்தலுக்கு மைக் செட் என்னுடையது. ஹாரன் எல்லாம் கட்டி முடித்து, மிக்சரை ஆன் செய்து, பாட்டைப் போடாமல் நின்றேன். கூழ்க் குடத்தோடு வரிசையில் நின்றிருந்த கஸ்தூரியைக் கையாட்டிக் கூப்பிட்டேன். பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"மேல ஸ்ஸுன்னு கீது அண்ணா. கொஞ்சம் ட்ரெபிள் எறக்குங்க."

மேல் ஸ்தாயிச் சத்தத்தைக் குறைக்கும் அந்த ட்ரெபிள் குமிழை இறக்கினேன். இப்போது எப்படி என்று கேட்டேன். இப்போது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பினாள். இறக்கும் முன்னும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, இறக்கிய பின்னும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சொன்னதை நம்பி அம்மன் பாட்டைப் போட்டேன்.