கப்பல் போகாத ஊரில் விலங்கியல்

போர்ட் பிளேரில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவன் நான். சிமென்ட் மூட்டை தூக்கினேன், மேஸ்திரி ஆனேன், பிறகு கான்ட்ராக்டர். இந்தி, வங்காளி, தெலுங்கு எல்லாம் சாரத்தில் நின்றே படித்தவை. சுனாமிக்குப் பிறகு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் நடந்த வேலையில் என் ஆட்களின் கையும் உண்டு.

அப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள். பள்ளியில் உயிரியல் பிரிவு எடுத்தாள். உயிரியல் என்றால் டாக்டர் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டேன். கடைசியில் டாக்டர் சீட்டுக்கு மதிப்பெண் போதவில்லை. அவள் அழவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பெரார்கஞ்சுக்குக் கீழே, உப்பங்கழி ஓரமாக எங்களுக்குக் கொஞ்சம் நெல்வயல் இருந்தது. சுனாமியில் நிலம் தாழ்ந்துபோய், ஓதம் ஏறும்போதெல்லாம் கடல்தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. மண்ணடித்து மேடாக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டேன். அவளோ விடுமுறை என்றால் அங்கேதான். நெல் நின்ற இடத்தில் நண்டு வளை. வரப்பில் சேற்றுமீன் துள்ளி ஏறும்.

"எனக்கு இதத்தான்பா படிக்கணும்."

"நண்டு பிடிக்கிறதுக்குக் காலேஜா?"

"பிடிக்க இல்லப்பா. நம்ம வயல்ல இது எப்படிக் குடியேறுச்சுன்னு தெரிஞ்சுக்க."

அதற்குப் பெயர் விலங்கியல், ஜூவாலஜி என்றாள். நான் விசாரிக்கக் கிளம்பினேன். வனத்துறையில் இருந்த நண்பர், தாவரவியல் போடு, காடு இருக்கிறவரைக்கும் வேலை இருக்கும் என்றார். மருந்துக்கடை மலையாளி, மைக்ரோபயாலஜி படித்தால் லேபில் உட்காரலாம் என்றார். பயோடெக்னாலஜிதான் இனிமேல் என்றார் இன்னொருவர். அது என்ன என்று கேட்டதற்கு அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நர்சிங் என்றாள் என் மனைவி. ஒரு கைப்பிடி கலவையை எடுத்துப் பிசைந்து பார்த்துத் தூண் நிற்குமா என்று சொல்கிறவன் நான். இந்தப் பெயர்களில் எது நிற்கும், எது சரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தீவுப் பிள்ளைகளுக்காக மெயின்லேண்ட் கல்லூரிகளில் ஒதுக்கிய இடங்களைப் பிரித்துக்கொடுக்கும் நாள் வந்தது. எங்கள் முறை வந்தபோது அவள் படிப்புக்கு ஏற்றதாக இரண்டுதான் மிச்சம். சென்னையில் மைக்ரோபயாலஜி, கரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல்.

எங்களுக்கு மெயின்லேண்ட் என்றால் சென்னை, கல்கத்தா, விசாகப்பட்டினம். கப்பல் போகிற ஊர்கள். கல்யாணமோ வைத்தியமோ, முதலில் கப்பல் போகுமா என்றுதான் பார்ப்போம். நானும் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் இந்தியில் அதைத்தான் கேட்டேன்.

"கரூருக்குக் கப்பல் போகுமா சாப்?"

"சமுத்திரமே இல்லாத ஊருக்கு ஜஹாஜா, சாச்சா?" என்றார் அவர். அறையே சிரித்தது. மகள் மட்டும் சிரிக்காமல் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"சென்னைன்னு சொல்லிடாதீங்கப்பா."

"ஏம்மா, கப்பல விட்டு எறங்குனா நம்ம ஆளு வந்து நிப்பான்."

"அவரு நிப்பாரு. கண்ணுக்குத் தெரியாத கிருமிய வச்சுக்கிட்டு மூணு வருஷம் நான் என்ன பண்றது?"

"ஜல்தி சாச்சா, பின்னால லைன் நிக்குது," என்றார் அதிகாரி.

எத்தனையோ எஞ்சினியர்களை மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே மடக்கியிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன், ஒரு மொழியிலும் ஒன்றும் வரவில்லை.

"ஜூவாலஜி, சார்," என்றாள் அவள். அவர் முத்திரை குத்திவிட்டார்.

கப்பல் கிளம்பும் நாள்வரை, பார்த்தவர்களிடமெல்லாம் கரூரில் யாராவது உண்டா என்று கேட்டேன். தூத்துக்குடியில் மச்சான் இருக்கிறார் என்றார்கள், நாகப்பட்டினத்தில் சித்தப்பா, காரைக்காலில் கடை. சென்னையில் என் ஆளுக்குப் போன் போட்டு, இறங்கியதும் ரயிலேற்றி விடச் சொன்னேன்.

ஹாடோ துறையில் கப்பல் கயிறு அவிழ்த்தது. மேல்தட்டில் நின்று அவள் கையாட்டினாள்.

"ரயில விட்டு எறங்குனா புள்ளைக்கு யாரு?" என்று கேட்டாள் மனைவி. "ஊரெல்லாம் ஆளு வச்சிருக்கீங்கள்ல, யாரையாவது கூப்பிடுங்க."

கைபேசியை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எத்தனை பெயர்கள். ஒன்றுகூடக் கடற்கரையை விட்டு உள்ளே போகவில்லை.