குளிசையைப் பாதியாகக் குறைத்த நல்ல செய்தி

சூசைப்பிள்ளை அங்கிள் மீன் ரோல்ஸ் பையோடு உள்ளே வந்து, "ஜூட் தம்பி எங்கை?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ஜூட் லீவுல இருக்காரு அங்கிள். நான் பாக்கட்டுமா?"

"இல்லைத் தம்பி, ஒரு சந்தோசமான விசயம் சொல்லத்தான் வந்தனான். டொக்டர் என்ரை பிரஷர்க் குளிசையைப் பாதியாக் குறைச்சுப்போட்டார். வாற கிழமை வேளாங்கண்ணிப் பயணம். மாதா பாத்துக்கொண்டுதான் இருக்கிறா."

ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். பயணம் போகும் பெரியவர்களிடம் இன்சூரன்ஸ் விற்கும் நாங்கள் எல்லோரும் "என்ன வருத்தம் இருக்கு?" என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். நோய் குறைந்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

விளக்கமாகச் சொல்கிறேன். வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஊருக்குப் போய் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால், கியூபெக் அரசாங்கக் காப்பீடு கொடுப்பது மிகக் கொஞ்சம். மிச்சத்துக்குத்தான் டிராவல் இன்சூரன்ஸ். அதில் ஸ்டெபிலிட்டி பீரியட் என்று ஒன்று உண்டு. புறப்படுவதற்கு முந்தைய சில மாதங்களில் பழைய நோய் அசையாமல் இருக்க வேண்டும். மருந்து கூடினாலும் அசைவுதான், குறைந்தாலும் அசைவுதான். அங்கிளின் நல்ல செய்தியால், பிரஷரோடு சேர்த்து அவருடைய இதயத்துக்கும் இருந்த கவரேஜ் போய்விட்டது.

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தோஷம். ஜூட் விற்ற பாலிசியில் ஓட்டை!

ஜூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் சின்ன ஏஜென்சியில் என் மேசைக்கு எதிர் மேசை அவனுடையது. மன்னார்க் குடும்பம், இங்கே வளர்ந்தவன், பிரெஞ்சு தண்ணீர் மாதிரி வரும். ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் அவன் ஒரு பிளேன் டீ குடித்தால் போதும், திங்கட்கிழமை அவன் மேசைக்கு முன்னால் கூட்டம். நான் தஞ்சாவூரிலிருந்து வந்து இங்கே மாஸ்டர்ஸ் முடித்தவன். பாலிசியின் பொடி எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் வாஷ்ரூம் எங்கே என்று கேட்கத்தான் வருவார்கள்.

விஷயத்தை அங்கிளிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"என்ன தம்பி கதைக்கிறீர்? வருத்தம் குறைஞ்சது குற்றமோ?"

"குற்றம் இல்ல அங்கிள். கம்பெனி அப்படித்தான் பாக்கும்."

"ஜூட் தம்பி இப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே. அவர் இல்லாத நேரம் பாத்து நீர் உம்மடை பாலிசியை என்ரை தலையிலை கட்டப் பாக்கிறீர், என்ன?"

டோர்வலில் விமான நிலையத்தைப் பல வருஷம் துப்புரவு செய்தவர். ஆட்களை எடை போடத் தெரிந்த கண். அதிலே பாதி உண்மை இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. டொரொன்டோவில் கலியாண வீட்டில் இருந்த ஜூட்டைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் நாதஸ்வரமும் சிரிப்பும். அவன் திணறுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அங்கிள், நான் எழுதேக்கை உங்கடை குளிசை முழுசு. இப்ப பாதி. கார்த்திக் சொல்லுறதுதான் சரி. அவனுக்குத் தெரியாத வசனம் அந்தப் பாலிசியிலை இல்லை. அவன் சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ."

பெருந்தன்மையிலும் அவனே முந்திக்கொண்டான்.

வேறொரு கம்பெனியில் அந்த ஸ்டெபிலிட்டி காலம் ஒரு வாரம்தான். பிரீமியம் கூடுதல். குளிசை குறைந்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. பயணத்தன்று கணக்குச் சரியாக நிற்கும். பழையதை ரத்து செய்து புதியதை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் ஆன்ட்டியையும் வரவழைத்து, ஆஸ்பத்திரி என்றால் சொந்தக்காரரைக் கூப்பிடும் முன் கம்பெனியின் அசிஸ்டன்ஸ் நம்பரைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி, என் முன்னாலேயே ஒருதரம் டயல் செய்ய வைத்தேன். முதல் நாள் போகும்போது அங்கிள் ரோல்ஸ் பையை மறக்காமல் ஜூட்டின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வேளாங்கண்ணியில் அங்கிளுக்கு நெஞ்சுவலி. தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி. என் சொந்த ஊர்! ஆன்ட்டி பதறாமல் நம்பரைக் கூப்பிட்டார், கம்பெனி ஆஸ்பத்திரிக்கு உத்தரவாதம் அனுப்பியது, அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அங்கிள் பிழைத்தார். அவர் எழுந்து உட்கார்ந்த அன்று ஆன்ட்டியின் போன் வந்தது. ஜூட்டுக்கு. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, உம்மாலைதான் இந்த மனுசன் உயிரோடை இருக்கிறார்."

"அன்ரி, அது கார்த்திக் பாத்த பாலிசி."

"ஆர், அந்த இந்தியாப் பொடியனோ? அவரையும் கேட்டதாச் சொல்லும்."

ஜூட் சிரித்தான். நான் எழுந்து போய் வேண்டாத காபி ஒன்றை வாங்கி வந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்டிடம் வியாதியைக் கேட்காதீர்கள். "டாக்டர் கடைசியா என்ன நல்ல செய்தி சொன்னார்?" என்று கேளுங்கள். வியாதியைக் கேட்டால் சுருங்கிப்போகிறவர்கள் இதைக் கேட்டால் மலர்ந்து சொல்வார்கள். மருந்து எப்போது மாறியது என்பது அங்கேதான் வெளிவரும்.

இது என் கேள்வி. நானே கண்டுபிடித்தது. போன ஞாயிறு பங்கு மண்டபத்தில் ஜூட் மைக்கைப் பிடித்து இதைக் கேட்டான். ஒரு அம்மா எழுந்து, "எனக்கு இன்சுலினை நிப்பாட்டிப்போட்டினம்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜூட் மட்டும் தட்டவில்லை; அவரைத் தனியே கூப்பிட்டு, பயணம் எப்போது என்று கேட்டான். நான் கேட்டால் மட்டும், "ஏன் தம்பி விசாரிக்கிறீர்?" என்கிறார்கள்.

வருகிற வெள்ளி டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போகப்போகிறேன். பிரசுரம், பிசினஸ் கார்டு எதுவும் இல்லை. அன்னதானப் பந்தியில் பெரியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

"நானும் வரட்டோ மச்சான்?" என்றான் ஜூட்.

காரில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். நான் போவது பஸ்ஸில்.