போனவளின் பெயரில் ஒரு சந்தா

காலை ஒன்பது மணிக்குக் கணினியைத் திறந்து கடவுச்சொல்லைப் போட்டேன். வழக்கமாக உடனே உள்ளே விடும் பக்கம், அன்று கைத்தொலைபேசிக்கு அனுப்பிய குறியீட்டைக் கேட்டது. யாருடைய கைத்தொலைபேசிக்கு என்று பார்த்தால், அது கனடா இலக்கம்.

எங்களுடையது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கும் சின்ன அலுவலகம். நாலு பேர். பிறர் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடித்துக் கொடுப்பது தொழில். பிழை பிடிக்கச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் என் அம்மா இன்றைக்கும் நம்புவதில்லை. "அதை நீ வீட்டிலை சும்மாதானே செய்யிறனீ" என்பார்.

நாங்கள் எழுதும் சோதனைகளையெல்லாம் வைத்திருக்கவும் ஓட்டிப் பார்க்கவும் ஒரு வெளிநாட்டுக் கருவி இருக்கிறது. அதற்குச் சந்தா. ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல், நாலு பேரும் அதில்தான். அந்தக் கணக்கைத் திறந்தவள் எங்களோடு முன்பு வேலை செய்தவள். திறமான கை. இரண்டு வருடத்துக்கு முன் கலியாணம் கட்டிக் கனடா போய்விட்டாள். கணக்கு மட்டும் அவள் பெயரிலேயே இருந்தது.

மாற்றாமல் விட்டது மறதியால் அல்ல. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அவள் விமானம் ஏறிய அன்று, கணினி படித்த நாலு பேரும் சொல்லிவைத்தது போல விளக்குமாற்றைத் தொடவில்லை. வெளிநாடு போன பிள்ளையின் பெயரைக் குடும்ப அட்டையில் இருந்து வெட்டவும் இங்கே யாருக்கும் மனம் வராது. வெட்டினால் திரும்பி வரமாட்டார்கள் என்று ஒரு பயம். "பேர் கிடக்கட்டும், அது என்ன சோறா கேக்குது?" என்று அன்றைக்குச் சொன்னது நான்தான்.

கரவெட்டியில் இருந்து வரும் அண்ணை, எங்களில் மூத்தவர், அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் புதிய நிபந்தனைகளைத் தேடி எடுத்து வாசித்தார். இனி ஓர் உரிமம் ஓர் ஆளுக்கு மட்டுமே. இன்னொருவர் கடவுச்சொல்லில் நுழைவது விதிமீறல். கணக்கில் உள்ள வேலை முழுவதும் பெயர் கொடுத்தவரின் பொறுப்பில்தான் இருக்கும். வேறொருவருக்கு மாற்றுவதென்றால் அவரே மாற்ற வேண்டும். மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அது முந்தின நாளோடு முடிந்துவிட்டது.

"மூண்டு மாசமா அறிவிச்சிருக்கிறாங்கள். ஆருக்கு அறிவிச்சவங்கள்?" என்றார் அண்ணை.

யாருக்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த நாள் காலை, மருந்துக் கடைகளுக்கான மென்பொருளொன்றின் கடைசிச் சோதனை முடிவை நாங்கள் கொடுக்க வேண்டும். அது தவறினால் அந்த வாடிக்கையாளர் போவார். அவர் போனால் அலுவலகத்துக்குப் பூட்டுத்தான். மூன்று வருடமாக எழுதிய சோதனைகள் முழுவதும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

அவளுக்கு அழைத்தோம். எடுக்கவில்லை. அங்கே இரவு. பகல் முழுக்க நான் அவளை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். கனடா போனால் மெயில் பார்க்கவும் நேரமில்லையாக்கும் என்று வாய்விட்டும் சொன்னேன். மாலை ஐந்து மணியளவில் எடுத்தாள்.

"பிள்ளை, உமக்கு அவங்களிட்டை இருந்து மெயில் ஏதும் வந்ததே?"

"ஓம் அக்கா. எல்லாம் வந்தது. வாசிச்சனான்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பாள், மன்னிப்புக் கேட்பாள், நாலு வார்த்தை ஏசலாம் என்றிருந்தேன்.

"வாசிச்சுப் போட்டே பேசாமல் இருந்தனீர்?"

மெல்லச் சொன்னாள். "நான் இஞ்சை மீன் பொதி பண்ணுற இடத்திலை வேலைக்கு நிக்கிறன் அக்கா. அம்மாவுக்குத் தெரியாது. வேலைக்குப் போக முன்னம் ஒவ்வொரு நாளும் உள்ளுக்குப் போய் உங்கடை சோதனையளைப் பாக்கிறனான். போன மாசம் திகதி பிழையா நிண்ட சோதனையைத் திருத்தினதும் நான்தான்."

நான் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தத் திருத்தத்தை அவர் செய்ததாக நான் நினைத்திருந்தேன். நான் செய்ததாக அவர் நினைத்திருந்தார். இரண்டு வருடமாக எங்களோடு ஐந்தாவதாக ஒருத்தி சம்பளமில்லாமல் வேலை செய்திருக்கிறாள். நாலு பேருக்கும் தெரியாது. பிழை பிடிப்பதுதான் எங்கள் தொழில்.

"மாத்தப் போனால் ஒரு கேள்வி வருது அக்கா. நிறுவனத்தை விட்டு விலகிவிட்டீர்களா எண்டு. ஓம் எண்டு போட்டாத்தான் மாத்த விடும். நான் மூண்டு தரம் அதுவரைக்கும் போய்த் திரும்பி வந்திட்டன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பரவாயில்லை, இருக்கட்டும் என்று சொன்னதாக எழுத ஆசைதான். ஆனால் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் மூன்று பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். அவளுக்குத் தனியாக இன்னோர் உரிமம் எடுக்கலாமா என்றும் யோசித்தேன். எங்களோடு வேலை செய்யாதவர் பெயரில் எடுக்க முடியாது என்று நிபந்தனையிலேயே இருந்தது.

"ஓம் எண்டு அழுத்தும் பிள்ளை" என்றேன்.

"உங்கடை பேரைப் போடட்டே?"

"போடும்."

ஒரு நிமிடம்கூட ஆகியிராது. என் திரையில் கணக்கு திறந்தது. மேல் மூலையில் அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் வந்தது. பின்னால் நின்றவர்களில் யாரோ கைதட்டினார்கள். தொலைபேசியைக் காதில் இருந்து எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

"அக்கா, என்னை வெளியிலை விட்டிட்டுது" என்றாள்.

"ஓம்" என்றேன்.