பெரிய வெள்ளியன்று தைத்த சட்டை

எங்கள் வீட்டில் பெரிய வெள்ளியன்று செய்யக்கூடாதவை பல இருந்தன. ஆணி அடிக்கக்கூடாது. வீடு கூட்டக்கூடாது. ரேடியோவில் பாட்டுப் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசியைத் தொடக்கூடாது. அன்று தைத்தால் ஒவ்வொரு குத்தும் சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உடம்பில்தான் விழும் என்று பெரியம்மா சொல்லியிருந்தார். கொட்டாஞ்சேனையில் எங்களோடு இருந்த அவருக்கு இந்தச் சட்டங்களில் ஒன்றும் மறக்காது. அம்மாவும் அக்காவோடு வாதாடியதில்லை. முதல் நாளே தையல் மெசினை வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்.

எனக்கு ஏழு வயதான வருஷம், பெரிய வெள்ளி காலையில் மட்டக்குளிச் சித்தப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். அம்மாவின் தங்கையான சித்திக்கு குறித்த நாளுக்கு இரண்டு மாதம் முந்தியே பிள்ளை பிறந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையைச் சித்தி இன்னும் தூக்கியிருக்கவில்லை.

“இண்டைக்கு அவளின்ர நெஞ்சில வைக்கப் போகினமாம், அக்கா. முன்னால திறக்கிற சட்டையும் தொப்பியும் வேணுமெண்டு ஆஸ்பத்திரி நேர்ஸ் மிஸ்ஸி சொன்னவா. கடையில வாங்கினதுக்குள்ள பிள்ளையைத் தேடவேண்டிக் கிடக்கு. மத்தியானத்தோட அந்த மிஸ்ஸியும் போயிடுவா.”

அம்மா மெசின் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் பழைய பெனியனை எடுத்தார். தடைகளில் கத்தரிக்கோல் இல்லை. பெனியனின் ஒரு கையை வெட்டி நுனியை முடிந்தார், அது தொப்பி. உடம்புப் பகுதியைக் கடதாசிபோல மடித்து வெட்டி, ஓரங்களை நாடா நாடாவாகக் கீறி, ஒன்றோடொன்று முடிந்தார், அது சட்டை.

“கெட்டிக்காரிதான்,” என்றார் பெரியம்மா.

அம்மா அந்தச் சட்டையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். முடிச்சுகள் சிவப்பாகப் பதிந்தன. பிள்ளையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அம்மா முடிச்சுகளை வெட்டி எறிந்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

“உனக்கென்ன விசரோ? இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியுமோ?”

“தெரியும் அக்கா.”

“அப்ப, தெரிஞ்சுகொண்டு அவரைக் குத்தப்போறியோ?”

“அங்க ஒரு தாய் பிள்ளையைத் தூக்கக் காத்துக்கொண்டிருக்கிறா. மாதா அவருக்குச் சொல்லுவா.”

“ஓம், மாதாவுக்கு வேற வேலையில்லை, உனக்கு வழக்குப் பேசி அப்புக்காத்து வேலை பார்க்க!”

சொன்னாரே தவிர, பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, பரிகாரமாக ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்கினார். அம்மாவின் கை வேகத்துக்குச் சில செபங்கள் ஆமென் வரை போய்ச் சேரவில்லை.

நான் கதிரையில் ஏறி, சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்துக்கு நேரே நின்றேன். ஊசி இறங்கும்போது அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்கவேண்டியிருந்தது. இன்று இயந்திரங்களைச் சோதிப்பது என் தொழில். அன்றைய சோதனையில் கவனக்குறைவு இருந்ததென்று சொல்லமாட்டேன். அவருடைய இமைகூட அசையவில்லை.

“அம்மா, அவருக்கு நோகேல்ல!”

அம்மா நிமிரவில்லை. தையல் விளிம்பு பிள்ளையின் உடம்பில் படாமல் வெளிப்பக்கம் வரும்படி தைத்துக்கொண்டிருந்தார்.

சட்டையோடும் தொப்பியோடும் சித்தப்பா பறந்தார். மத்தியானம் தொலைபேசி வந்தது. பிள்ளை சித்தியின் நெஞ்சிலேயே நித்திரையாம். ஒரே வீட்டில் இருந்த எங்களுக்கு அதைப் பெரியம்மா ஆளாளாகத் தேடிவந்து சொன்னார்.

பின்னேரம் கோயிலில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட வரிசை நீண்டிருந்தது. அம்மா முழந்தாளிட்டுப் பாதங்களை முத்தி செய்தார். பிறகும் எழும்பவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டால் செய்வதைப்போல, ஆணி இறங்கிய காயத்தின் மேல் குனிந்து, அம்மா மெல்ல ஊதினார்.

நான்தான் பார்த்துச் சொல்லியிருந்தேனே, அவருக்கு நோகவில்லை என்று. சுரூபத்தில் தூசி படிந்திருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு என் முறைக்குக் காத்து நின்றேன்.