நாய்க்குட்டி விழாத கிணறு

எந்தப் பேச்சின் நடுவிலும் இராசமலர் சட்டென்று நிறுத்துவாள். தோட்டக் கிணற்றில் ஓடும் இறைப்பு மெசினின் சத்தம் சரியா என்று காது கொடுத்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடர்வாள். செத்தவீட்டில் இருந்தாலும் தூரத்தில் கேட்கும் யாருடையதோ ஒரு மெசினுக்குத் தலை திரும்பும். மகள் தர்சினி சின்ன வயதிலிருந்தே அதைப் பார்த்துச் சிரித்து வந்தவள்.

அந்தத் தை மாதச் சனிக்கிழமை மட்டும் இராசமலர் மெசினைக் கேட்கவில்லை. மகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தர்சினி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம், இறுதி வருடம். அந்தக் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் வேறு யாருமில்லை. இக்கால ஆங்கில நாவல்களில் மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு என்பது அவளுடைய ஆய்வு. கோப்பாய்த் தோட்ட வரம்பில் குந்தியிருந்து ஒரு நாவலைத் தாய்க்குத் தமிழில் சொன்னாள். தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலக்கிறது, மீன்கள் செத்து மிதக்கின்றன.

"சனம் பாத்துக்கொண்டோ இருந்தது?"

"தெரிஞ்சவை வாய் திறக்கேல்லை அம்மா."

"விசர்ச் சனம்," என்று திட்டினாள் இராசமலர்.

அப்போதுதான் அமைதி உறைத்தது. மெசின் நின்றிருந்தது. எண்ணெய் முடிந்து எவ்வளவு நேரமோ.

இராசமலர் ஓடினாள். வெங்காயத்துக்கு அடிக்கப் பூச்சிமருந்து ஊற்றிய தகரப் பரலில் தண்ணீர் நிரப்புவதற்காகக் குழாயை உள்ளே அமிழ்த்தி விட்டிருந்தாள். கிணற்றுக்குள் இருக்கும் அடிவால்வு பழுது. மெசின் நின்றால் தண்ணீர் வந்த வழியே கிணற்றுக்குத் திரும்பிவிடும். பரலில் இருந்த மருந்துத் தண்ணீரில் அரைவாசியைக் காணவில்லை.

பக்கத்து வளவு ஜெனிற்றா குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"என்ன மலரக்கா, தாயும் மகளும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்? கம்பஸ்காறி உங்களுக்கும் இங்கிலீசு படிப்பிக்கிறாவோ?"

அது பங்குக் கிணறு. இராசமலருக்கு அதில் பங்கில்லை. பங்காளியான சிவசுப்பிரமணியம்தான் தன் இறைப்பு முறையில் ஒரு நாளை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மருந்து போனது தெரிந்தால் முறை போகும், குத்தகைக் காணியில் வெங்காயம் கருகும். தெரியாவிட்டால் மூன்று வீடு குடிக்கும்.

"அள்ளாதை பிள்ளை," என்றாள் இராசமலர். "நாய்க்குட்டி ஒண்டு விழுந்து செத்துக் கிடந்தது. இப்பதான் எடுத்து மண்ணுக்குள்ளை தாட்டனான்."

நாய் விழுந்த கிணற்றை இறைத்துக் கழுவாமல் அங்கே யாரும் குடிக்கமாட்டார்கள். பின்னேரமே இரண்டு மெசின்கள் முழங்கின. இறைத்த தண்ணீரை வேலிக்கு அப்பால் செம்மண் உறிஞ்சிக்கொண்டிருந்தது. கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். எந்தக் கிணற்றின் ஊற்றில் போய் அது சேருமோ என்று தர்சினி நினைத்தாள்.

அடியில் முழங்கால் தண்ணீர் மிஞ்சியதும் சிவசுப்பிரமணியம் சாரத்தை மடித்துக் கட்டினார். வயது அறுபத்திரண்டு. சேறு அள்ள ஒருவர் இறங்கத்தான் வேண்டும்.

"உங்கடை நாய் போட்ட குட்டிதானே அண்ணை? உரித்துக்காரர்தான் இறங்கவேணும்," என்றாள் ஜெனிற்றா.

"ஓமோம், செத்தது எனக்குப் பேரப்பிள்ளை முறை."

எல்லோரும் சிரித்தார்கள். தர்சினி தாயின் கையைப் பிடித்தாள். "சொல்லுங்கோ அம்மா. அவருக்கு ஏதும் நடந்திடும்."

"பொறு."

"என்னத்துக்குப் பொறுக்கிறது?"

"வாயை மூடு பிள்ளை."

கயிறு இறங்கியது. மனிதன் இயற்கையை நஞ்சாக்குகிறான் என்று தர்சினியின் ஆய்வு தொடங்கும். எந்த மனிதன் என்று விரிவுரையாளர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார். அவளைப் படிப்பிக்க வெங்காயம் நட்டவள் பக்கத்தில் நின்றாள். தர்சினி வாயைத் திறந்தாள். பிறகு சேற்று வாளியை வாங்கக் கை நீட்டினாள்.

இரண்டு வாளி சேறு மேலே வந்தது. மூன்றாவது வரவில்லை.

"அண்ணை?"

ஜெனிற்றா வாளிக் கயிற்றை ஆட்டிப் பார்த்தாள்.

"தூக்குங்கோ! ஐயோ, ஆளைத் தூக்குங்கோ!" கத்தியது இராசமலர்தான்.

கண் சிவந்து மேலே வந்தவர் வேலியோரம் சத்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு இராசமலரையே பார்த்தார். அவரும் ஆயுள் முழுக்கத் தோட்டத்துக்கு மருந்தடித்த மனிதர்.

"நாய் மணமோ அண்ணை?" என்று ஜெனிற்றா கேட்டாள்.

"ஓம், நாய்தான்," என்றார். "என்ரை குட்டியிலை ஒண்டைக் காணேல்லை."

பொழுதுபடும் நேரம் தர்சினி இளநீர் கொண்டுபோனபோது அவர் வாசலில் ஐந்து குட்டிகள் புரண்டு விளையாடின. அந்த நாய் போட்டதே ஐந்துதான்.

பங்குனி வரை அவருடைய கால்களில் தோல் உரிந்தது. இராசமலரின் இறைப்பு முறை நிற்கவில்லை. வெங்காயம் கிண்டியதும் ஒரு பனையோலைக் கடகம் நிறைய அவருக்கு அனுப்பினாள். இரண்டு தரம் அவர் வீட்டு வேலிப் படலை வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் தரம் உள்ளே போய், மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தாள். ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

மருந்து விட்டது நான்தான் அண்ணை என்று அவள் அவருக்குச் சொல்லவேயில்லை. தர்சினியும் இன்னும் சொல்லவில்லை.